முப்பந்தல் காற்றில் டீச்சர்

"இசக்கி, மூணு நாளா ஓட்டினது நானா, நீயா?"

நாங்குநேரியில் ஒரு டீக்கடை வாசல். விடிந்தும் விடியாத நேரம். கேட்டவர் டீச்சர்.

இசக்கி டீயை ஊதிக்கொண்டிருந்தாள்.

"சைக்கிள் உங்களுது. மிதிச்ச கால் உங்களுது. பெறகு என்ன கேள்வி?"

"முதுகு உன்னோடது. திருமங்கலத்துல கிளம்பினதுல இருந்து உன் முதுகைத்தான் பாத்துட்டு வர்றேன்."

"முதுகுல என்ன இருந்துச்சு?"

"விளையாடாதே. பதில் சொல்லு."

இசக்கி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். இன்னொரு வடை எடுத்துக்கொண்டாள்.

இந்தக் கதையில் குரு யார், சீடர் யார் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் எல்லோரும் மாற்றித்தான் புரிந்துகொள்கிறார்கள்.

டீச்சர்தான் சீடர். பெயர் மங்கையர்க்கரசி. திருமங்கலத்துப் பக்கம் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. ஐம்பத்தொரு வயது. அவர் வராந்தாவில் நடந்து வந்தால் வகுப்பறைகள் ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொள்ளும்.

குரு இசக்கியம்மாள். அதே ஊர்த் தபால்காரி. நாற்பத்துமூன்று வயது. பிறந்தது வள்ளியூர்ப் பக்கம், வாக்கப்பட்டது திருமங்கலத்தில். இருபத்திரண்டு வருடமாகத் தபால் பையை மாட்டிக்கொண்டு ஐந்து கிராமங்களைச் சைக்கிளில் சுற்றுகிறாள். இன்னும் பேச்சைவிட்டு வள்ளியூர் போகவில்லை.

குரு சீடரை "நீங்க, டீச்சர்" என்பாள். சீடர் குருவை "ஏய் இசக்கி" என்பார். அதனால் குருவுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

டீச்சர் பதினாறு வருடம் மேடையில் நின்று, ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் சைக்கிளைக் கொடுத்தவர். ஒரு வருடம் ஒரு பெண் சைக்கிளைப் பிடித்துக்கொண்டே கேட்டுவிட்டாள்.

"டீச்சர், உங்களுக்கு ஓட்டத் தெரியுமா?"

மேடை என்பதால் சிரித்துச் சமாளித்தார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. மறுநாள் தபால் கொண்டுவந்த இசக்கியை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

ஒன்றரை வருடம். தினமும் காலை ஐந்தரை மணிக்குப் பள்ளி மைதானம். விழுந்த இடங்களை மறைக்க டீச்சர் முழுக்கை ரவிக்கை தைத்துக்கொண்டார். மைதானத்தில் பழகி, பிறகு ரோட்டுக்கு வந்து, பிறகு விருதுநகர் வரை போய்த் திரும்பி வந்தார். குருவும் சீடரும் அதற்குள் நல்ல சிநேகிதிகள் ஆகிவிட்டார்கள்.

கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள், காலைப் பிரேயரில் டீச்சர் அறிவித்தார்.

"நான் கன்னியாகுமரி வரைக்கும் சைக்கிள்ல போகப்போறேன். என் சொந்தக் கால்ல."

அறுநூறு பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அதே மேடையில் ஏறி, போனேனா இல்லையா என்று சொல்ல வேண்டும்.

மூன்று நாள் நன்றாகத்தான் போனது. சாத்தூர், கயத்தாறு, நாங்குநேரி என்று ஊருக்கு ஊர் தெரிந்தவர் வீட்டில் தங்கல். இசக்கி முன்னால், டீச்சர் பின்னால். மூன்றாம் நாள் கங்கைகொண்டான் பக்கம் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்ததில் இசக்கி விழுந்தாள். எழுந்து, ஆட்டை நாலு வார்த்தை திட்டி, சிரித்துவிட்டு மறுபடி ஏறிக்கொண்டாள்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது வந்தது வினை. பள்ளியின் இயற்பியல் டீச்சர் போனில் பேசினார். ஒருவர் பின்னால் ஒட்டிப் போனால், முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக் கொடுத்துவிடுவாராம். பின்னால் வருகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.

டீச்சருக்குத் தூக்கம் போய்விட்டது.

"அப்போ மூணுல ஒரு பங்கு நீ ஓட்டியிருக்கே" என்றார் டீக்கடையில். "பிள்ளைங்ககிட்ட சொந்தக் கால்னு சொல்லிட்டேன். பொய் சொல்லிட்டு அந்த மேடையில என்னால நிக்க முடியாது இசக்கி. இன்னைக்குச் சொல்லிடு. இது என் பயணமா இல்லையா?"

இசக்கி கையைத் துடைத்தாள். தன் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுத்து, டீச்சரின் சைக்கிளுக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இன்னைக்கு நீங்க முன்னாடி போங்க" என்றாள்.

அவ்வளவுதான் பதில்.

*

முன்னால் போவது எப்படி இருக்கும் என்று டீச்சருக்கு அன்றுதான் தெரிந்தது.

ரோடு முழுக்க அவருடையது. வாழைத்தார் ஏற்றிய லாரிகள் எதிரே வந்தன. இடது கைப்பக்கம் குளம், வலது கைப்பக்கம் மலை. மூன்று நாளாக இதெல்லாம் எங்கே இருந்தது என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. மகன் சென்னையிலிருந்து வாங்கி அனுப்பிய கியர் சைக்கிள். கைப்பிடியில் வேகம் காட்டும் மீட்டர். பதினெட்டு காட்டியது.

பின்னால் மணி அடித்தது.

இசக்கி உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்தார். அழுத்தி மிதித்தார். இருபது.

மறுபடி மணி. விடாமல் அடித்தது.

டீச்சருக்கு வாழ்நாள் முழுக்க மணிக்கு ஒரே பொருள்தான். மணி அடித்தால் வேகமாகப் போக வேண்டும். இருபத்திரண்டு. பள்ளிக்கூடத்து ஆட்கள் யாரும் பார்க்கவில்லையே என்றுகூட வருத்தப்பட்டார்.

பணகுடி வந்தபோது பின்னால் யாரும் இல்லை.

ஒரு புளியமரத்தடியில் நின்றார். பத்து நிமிடம் கழித்து இசக்கி வந்து சேர்ந்தாள். கியர் இல்லாத அந்தப் பழைய கறுப்புச் சைக்கிள் முனகிக்கொண்டு வந்தது.

"என்ன இசக்கி, எங்கே போயிட்டே?"

"மணி அடிச்சேனே டீச்சர்."

"அதான் வேகமாப் போனேன்."

"மெதுவாப் போங்கன்னுல்லா அடிச்சேன்."

டீச்சர் முகத்தில் அசடு வழிந்தது. அறுநூறு பிள்ளைகள் பார்க்காதது இப்போது நல்லதாகப் போயிற்று.

"மூணு நாளா நான் பின்னாடி வந்தேன். நான் ஒரு தடவைகூட மணி அடிக்கலியே. என் வேகம் உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"உங்களுக்கு மூச்சு வாங்குறது கேக்கும்ல."

"திரும்பியே பாக்கலியே நீ."

"பாக்கணும்னா திரும்பணும். கேக்குறதுக்கு என்னத்துக்குத் திரும்பணும்?"

டீச்சர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். முதலில் இசக்கியிடம் நீட்டினார்.

"ஒரு மணின்னா மெதுவா. ரெண்டு மணின்னா போகலாம்" என்றாள் இசக்கி குடித்துவிட்டு.

"எழுதி வச்சுக்கவா?"

"மண்டையில வச்சுக்கிடுங்க."

*

காவல்கிணறு விலக்கில் ரோடு இரண்டாகப் பிரிகிறது. நேரே போனால் கன்னியாகுமரி பக்கம். வலது பக்கம் போனால் முப்பந்தல், ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் என்று சுற்று.

மே கடைசியில் முப்பந்தல் கணவாய்க் காற்று ஆளைத் தள்ளும். காற்றாலைகளைச் சும்மாவா அங்கே நட்டு வைத்திருக்கிறார்கள்.

"நேரேயே போயிடலாமே" என்றார் டீச்சர்.

"முப்பந்தல் இசக்கியம்மன்தான் எங்க குலதெய்வம். அவ பேருதான் எனக்கு. வாசல் வழியா வந்துட்டு எட்டிப் பாக்காமப் போனா, எங்க அம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா."

குரு கேட்டுவிட்டாள். சீடர் வலது பக்கம் திரும்பினார்.

திரும்பிய மாத்திரத்தில் காற்று நெஞ்சில் கை வைத்து நிறுத்தியது.

மீட்டர் பதினான்கு காட்டியது. பிறகு பத்து. பிறகு ஏழு. வாய்க்குள் மணல். துப்பினால் அவர் முகத்திலேயே விழுந்தது. பக்கத்தில் ராட்சசக் காற்றாடிகள் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. டீச்சருக்கு அவற்றின் மேல் கோபம் வந்தது.

பின்னால் ஒரு மணி.

"இதுக்கு மேல மெதுவாப் போனா விழுந்துடுவேன்!" என்று கத்தினார்.

இன்னும் கொஞ்ச தூரம். தொடை எரிந்தது.

"இசக்கி! கொஞ்ச நேரம் நீ முன்னாடி வா!"

"இல்ல டீச்சர். நீங்களே போங்க."

"முடியல!"

"போங்க."

டீச்சருக்கு ஆத்திரம் பொங்கியது. காலையில் ஒரு வார்த்தை கேட்டதற்கு இப்படிப் பாடம் நடத்துகிறாளே என்று நினைத்தார். இவளுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம். கோயில் வரட்டும், நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட வேண்டும். அந்த ஆத்திரத்திலேயே மிதித்தார். சொல்லப்போனால், கோயில்வரை அவரைக் கொண்டுசேர்த்தது அந்த ஆத்திரம்தான்.

முப்பந்தல் கோயில் ரோட்டோரம். லாரிக்காரர்கள் நிறுத்தி இறங்கி, குங்குமம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் திரும்பினார். கேட்க வேண்டிய நாலு வார்த்தையும் தொண்டையில் தயாராக இருந்தது.

இசக்கி சைக்கிளிலிருந்து இறங்க முடியாமல் நின்றாள்.

ஒரு காலைத் தரையில் ஊன்றி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து மறுகாலை இழுத்தாள். அம்மன் முன்னால் விழுந்து கும்பிடப் பார்த்தாள். முட்டி மடங்கவில்லை. நின்றபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் அவளைப் பிடித்து உட்கார வைத்து, சுடிதார் காலைச் சுருட்டிப் பார்த்தார். முட்டி இட்லி மாதிரி உப்பியிருந்தது.

"எப்போல இருந்து?"

"நேத்து ஆடு தள்ளிச்சுல்லா."

"பாடம் நடத்துறேன்னு நெனச்சேன்டி உன்னை."

"நானா? உங்களுக்கா?" இசக்கி சிரித்தாள். "காலையில எழுந்திரிச்சதும் முட்டி மடங்கல. முன்னாடி போறதுக்கு இன்னைக்கு ஆகாதுன்னு தெரிஞ்சுபோச்சு. எப்படிச் சொல்லன்னு முழிச்சேன். அப்பம் பாத்து நீங்க முதுகு முதுகுன்னு சண்டைக்கு வந்தீங்க."

"சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா பஸ்ல ஏத்தியிருப்பீங்க."

உண்மைதான். ஏற்றியிருப்பார்.

*

டீச்சர் எதிர்க்கடையில் ஐஸ் கட்டி கேட்டு வாங்கி, தன் துண்டில் சுற்றி முட்டியில் வைத்தார். ஒரு லோடு ஆட்டோக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்கம்மா. நாகர்கோவில்ல எறக்கி விடுதேன். சைக்கிளையும் பின்னால போட்டுக்கிடலாம். காத்து ஓஞ்சபாடில்ல."

"இசக்கி, நீ ஏறு" என்றார் டீச்சர். "உன்னை நாகர்கோவில்ல டாக்டர்கிட்ட காட்டணும்."

சொல்லும்போதே உள்ளே ஒன்று குதித்தது. இசக்கி ஏறிவிட்டால் மிச்ச தூரம் தனியாக, யார் முதுகும் இல்லாமல். முழுக்க முழுக்க என்னுடையது. மேடையில் தலை நிமிர்ந்து சொல்லலாம். அந்த எண்ணம் வந்ததற்காக டீச்சர் வெட்கப்பட்டார். ஆனால் வந்தது வந்ததுதான்.

இசக்கி ஆட்டோவைப் பார்த்தாள். ரோட்டைப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட வாரேன். சைக்கிள்ல வாரேன்."

"இந்தக் காலோடயா?"

"நீங்க முன்னாடி போனா வந்துருவேன்."

"இந்தக் காத்துல என்னையே நான் இழுக்க முடியல. நான் முன்னாடி போனா உனக்குப் போதுமா?"

"எனக்குப் போதும்."

டீச்சருக்குக் கண் கலங்கியது. முப்பது வருட வேலையில் நல்லாசிரியர் விருதுக்கு இரண்டு முறை பெயர் போயிருக்கிறது, கிடைத்ததில்லை. அன்றைக்கு அந்த விருதைப் பற்றி இருந்த குறை அவருக்குத் தீர்ந்தது.

ஆட்டோக்காரருக்கு நன்றி சொல்லி அனுப்பினார். அவர் போகும்போது தலையில் அடித்துக்கொண்டதையும் பார்த்தார்.

*

இந்த முறை டீச்சர் மீட்டரைப் பார்க்கவில்லை.

காது பின்னால் இருந்தது. காற்றின் இரைச்சலுக்குள் கறுப்புச் சைக்கிளின் முனகலைத் தேடினார். கேட்டது. முனகல் தள்ளிப்போனால் காலைத் தளர்த்தினார். கிட்டே வந்தால் கொஞ்சம் அழுத்தினார். காற்று வலது பக்கத்திலிருந்து அடித்தபோது, தானும் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கி மறைத்துக் கொடுத்தார். யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. மூன்று நாளாக அந்த முதுகு அப்படி ஒதுங்கியதைப் பார்த்திருக்கிறார், என்னத்துக்கு என்றுதான் தெரியாமல் இருந்தது.

ஆரல்வாய்மொழி தாண்டி ரோட்டில் ஒரு பள்ளம்.

டீச்சரின் இடது கை தானாகக் கீழே இறங்கி, விரலை நீட்டிப் பள்ளத்தைக் காட்டிவிட்டு மேலே வந்தது.

மூன்று நாளில் இசக்கி அப்படி நூறு பள்ளம் காட்டியிருப்பாள். டீச்சரும் நூறு முறை விலகிப் போயிருக்கிறார். இப்போது அவர் கை காட்டுகிறது, பின்னால் ஒரு சைக்கிள் விலகுகிறது. அவருக்கு ஒரே பெருமையாக இருந்தது. மேடை, மாலை, கைதட்டல் எதிலும் அந்தப் பெருமை வந்ததில்லை.

"பள்ளம்!" என்று தேவையில்லாமல் கத்தியும் சொன்னார்.

"பாத்துட்டேன் டீச்சர்!"

தோவாளையில் பூ வாசனை வந்தது. அதற்குப் பிறகு காற்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்தது.

பின்னால் இரண்டு மணி.

நாகர்கோவில் டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்தார். எலும்பில் ஒன்றுமில்லை, தசைநார் வீக்கம், ஒரு வாரம் ஓய்வு என்றார். கட்டுப் போட்டுவிட்டு, "இனிமே சைக்கிள் வேண்டாம்" என்றார்.

"சரி டாக்டர்" என்றாள் இசக்கி. "இன்னும் இருபது கிலோமீட்டர்தான்."

டாக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்டிப்பான முகத்தை வைத்துக்கொண்டார்.

"நான் முன்னாடி போறேன் டாக்டர்" என்றார், அதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோல்.

*

கன்னியாகுமரியில் ரோடு முடிந்தபோது மணி ஐந்தரை.

அதற்கு அப்புறம் கடல்தான்.

இரண்டு பேரும் சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். டீச்சர் கூட்டத்தைப் பார்த்தார், அலையைப் பார்த்தார். எல்லாம் இருந்தும் ஏதோ உறுத்தியது. காலையில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இன்றைய தூரம் சரி. அந்த மூன்று நாள்?

அங்கே பாசிமாலை விற்கும் அம்மா ஒருத்தி இருந்தாள். சைக்கிள்களையும் புழுதி முகங்களையும் மேலும் கீழும் பார்த்தாள். இசக்கியிடம் கேட்டாள்.

"எங்கேருந்தும்மா வாறீங்க?"

"திருமங்கலம்."

"மதுரைப் பக்கமா? அவ்வளவு தூரமும் சைக்கிள்லயா?"

"சைக்கிள்லதான்."

"காலுல கட்டுப் போட்டிருக்கு. இன்னைக்குமா மிதிச்சே?"

டீச்சர் இசக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்குநேரியிலிருந்து ஒரு கஜம்கூட முன்னால் வராதவள். முப்பந்தல் காற்று முழுவதையும் இன்னொருத்தி நெஞ்சில் வாங்கிக் கொடுக்க, அந்த மறைவிலேயே வந்தவள். என்ன சொல்லப்போகிறாள்?

இசக்கி இடுப்பில் கை வைத்தாள். முகத்தில் கூச்சமோ தயக்கமோ மருந்துக்கும் இல்லை.

"பின்னே? முப்பந்தல் வழியா, எதிர்க்காத்துல, முழுசா நான் மிதிச்சு வந்தேன்" என்றாள். குரலில் அவ்வளவு பெருமை.

டீச்சர் அவளைப் பார்த்தார்.

பாசிமாலைக்காரி இந்தப் பக்கம் திரும்பினாள்.

"நீங்களுமாம்மா?"

டீச்சர் துப்பட்டாவை உதறி நேராகப் போட்டுக்கொண்டார். ஒலிபெருக்கி இல்லாமலே மைதானத்தின் கடைசி வரிசைவரை போகும் அவருடைய குரல், கடல் இரைச்சலுக்கு மேல் எழுந்தது.

"நானும்தான். நாலு நாளும்."